இரண்டு போன்வில்களுடன் பத்து ஆண்டுகள்

இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் எங்கள் வீட்டுப் பின்புற ஷெட்டில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. இரண்டின் டேங்கிலும் ட்ரையம்ஃப் என்ற பெயர்தான். இரண்டுமே போன்வில் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று, இங்கிருந்து ஆறு மைல் மேற்கே இருந்த மெரிடன் ஆலையில் 1969 மே மாதம் உருவான டி120ஆர். மற்றது, சில மைல் தள்ளி வடக்கே உள்ள ஹிங்க்லியில் வடிவமைக்கப்பட்டு, தாய்லாந்து ஆலையில் உருவான 2018ஆம் ஆண்டின் டி100. பழையதை 2014 முதலும் புதியதை 2020 முதலும் ஓட்டி வருகிறேன். பழைய பிரிட்டிஷ் வண்டி என்றாலே எண்ணெய் ஒழுகும், நடுவழியில் நிற்கும் என்பது ஊரறிந்த பேச்சு. என் அனுபவம் வேறு. என்னை நடுவழியில் நிறுத்திய ஒவ்வொரு பழுதையும் அதன் வேர்வரை தேடிப் போனபோது, அது மெரிடனில் அந்த வண்டியைச் செய்தவர்களிடம் போய் முடியவில்லை. இடைப்பட்ட நாற்பத்தைந்து ஆண்டுகளில் அதைத் தொட்ட யாரோ ஒருவரின் அவசரத்தில் முடிந்தது, அல்லது என்னுடைய அசட்டையில் முடிந்தது. இதை வாங்க நினைப்பவர்களுக்கு முதலில் சொல்ல விரும்புவதும் இதைத்தான்.

இந்த ஆர்வம் எனக்கு இங்கிலாந்து வந்த பிறகு தொற்றியதல்ல. திருச்சியில் அப்பாவிடம் 1984இல் வாங்கிய 350 சி.சி. புல்லட் இருந்தது. ரெட்டிச் என்ற ஆங்கிலேய ஊரில் பிறந்த அந்த வண்டி, 1955இல் தொடங்கிய கூட்டு முயற்சியின் வழியாகச் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் வேரூன்றி, ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்ட பிறகும் அங்கே தொடர்ந்து உருவாகிக்கொண்டிருந்தது. வலது காலில் கியர், இடது காலில் பின் பிரேக், ஹெட்லைட்டின் தலையில் மின்னோட்டத்தைக் காட்டித் துடிக்கும் அம்மீட்டர் முள் ஆகிய மூன்றோடும் பழகி நான் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்தப் புல்லட்டில்தான். 2009இல் வேலைக்காகக் காவென்ட்ரி வந்து, பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமத் தேர்வுகளை ஒவ்வொன்றாக முடித்த பிறகு, ஒரு கண்காட்சியில் 1969ஆம் ஆண்டு போன்வில் ஒன்றின் அருகே குனிந்து பார்த்தேன். அதே வலது பக்கக் கியர் பெடல், அதே அம்மீட்டர். வேறு எந்த வண்டியும் அதற்குப் பிறகு மனதில் நிற்கவில்லை.

எந்த ஆண்டு வண்டி என்பது இதில் பெரிய விஷயம். ட்ரையம்ஃபின் வடிவமைப்பாளர் எட்வர்ட் டர்னர் வரைந்து 1937இல் வெளிவந்த ஸ்பீட் ட்வின் என்ற இரட்டைச் சிலிண்டர் வண்டியின் வழித்தோன்றல்தான் போன்வில். 1956இல் அமெரிக்காவின் போன்வில் உப்புப் பரப்பில், ட்ரையம்ஃப் எஞ்சின் பூட்டிய, நீண்ட கூடு போர்த்திய வண்டி ஒன்றில் ஜானி ஆலன் மணிக்கு 214 மைல் வேகத்தைத் தொட்டார். 1959ஆம் ஆண்டு மாடலாக வந்த புதிய 650 சி.சி. வண்டிக்கு அந்த இடத்தின் பெயரையே வைத்தார்கள். 1963இல் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உடலாக இணைந்தன. 1968இல் முன் சக்கரத்துக்கு நல்ல எட்டு அங்குல டிரம் பிரேக் வந்தது. 1971இல் ஆயிலை வண்டியின் சட்டத்தின் (ஃப்ரேமின்) குழாய்க்குள்ளேயே சேமிக்கும் புதிய அமைப்பு வந்து, இருக்கை உயர்ந்து, பழைய உருவம் மாறிப்போனது. எனவே 1968 முதல் 1970 வரையிலான வண்டிகளைத்தான் பலரும் தேடுகிறார்கள். 1969க்கு இன்னொரு பெருமையும் உண்டு: அந்த ஆண்டு ஐல் ஆஃப் மேன் தீவுப் பந்தயத்தில், கடையில் விற்கும் ரக வண்டிகளுக்கான பிரிவில், மால்கம் அப்ஹில் போன்வில் ஒன்றில் மணிக்குச் சராசரி 100 மைலைத் தாண்டி ஒரு சுற்றை முடித்தார். அந்தப் பிரிவில் அதுவே முதல் முறை.

மெரிடனில் செய்த போன்வில்களில் பெரும் பங்கு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. என்னுடையதும் அப்படிப் போய்த் திரும்பியதே. அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களில் இருந்த வண்டிகளில் துரு குறைவு என்பதால், இங்குள்ளவர்கள் அவற்றைத் திரும்ப இறக்குமதி செய்கிறார்கள். ஆனால் துரு இல்லாத சட்டத்துக்குள் யாரோ மாற்றி வைத்த எஞ்சின் இருக்கக்கூடும். ஆகவே பெயின்டைப் பார்ப்பதற்கு முன் எண்ணைப் பாருங்கள். இடது பக்கம், சிலிண்டருக்குச் சற்றுக் கீழே உள்ள சமதளத்தில் எஞ்சின் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 1969 முதல் இந்த எண்ணுடன் இரண்டு ஆங்கில எழுத்துகள் வரும்: முதலாவது மாதம், இரண்டாவது மாடல் ஆண்டு. என் வண்டியில் இ, சி என்று இருக்கிறது. அது மே மாதம், 1969 மாடல். அந்தச் சமதளம் முழுவதும் ட்ரையம்ஃப் என்ற பெயர் பொடிப்பொடியாக அச்சிடப்பட்டிருக்கும். பழைய எண்ணை அராவித் தேய்த்துப் புது எண் பொறித்தவர்கள் அந்தப் பொடி எழுத்துகளையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறார்கள். விரல் நகத்தால் வருடினாலே தெரிந்துவிடும். சட்டத்தில் உள்ள எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் பார்த்த நான்கு வண்டிகளில் இரண்டில் அவை ஒத்துப்போகவில்லை. விற்பவர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை.

ஆனால் நான் கேட்கத் தவறிய ஒரு கேள்வி உண்டு. அதற்கு விலையும் கொடுத்தேன். அந்தக் காலத்து ட்ரையம்ஃப் எஞ்சினில் இன்றைய வண்டிகளைப் போலக் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. கம்பி வலைச் சல்லடைகள் மட்டுமே உண்டு. சல்லடைக்குத் தப்பிய நுண்ணிய கசடைப் பிடிக்க, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டுக்குள்ளேயே ஒரு குழாயை வைத்திருந்தார்கள். கிராங்க் சுழலும் வேகத்தில் கசடு அந்தக் குழாயின் சுவரில் அப்பிக்கொள்ளும். சுத்தமான ஆயில் பேரிங்குகளுக்குப் போகும். எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் எஞ்சினை முழுதாகப் பிரிக்காமல் அந்தக் குழாயைச் சுத்தம் செய்ய முடியாது. குழாய் நிறைந்துவிட்டால் ஆயில் வழி அடைபடும். கிராங்க்கைப் பிடித்திருக்கும் பிக் எண்ட் பேரிங் வறண்டு, அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடு உடைந்து, எஞ்சினின் வயிற்றையே பிளந்துகொண்டு வெளியே வரவும் கூடும். "கிராங்க்கின் கசடுக் குழாயை எப்போது சுத்தம் செய்தீர்கள், அதற்கு ரசீது இருக்கிறதா?" என்பதுதான் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வாங்கிய இரண்டாவது குளிர்காலத்தில், மெரிடனில் இளம் வயதில் வேலை பார்த்த ஒரு முதியவரின் வழிகாட்டலில் எஞ்சினைப் பிரித்தோம். அந்தக் குழாயின் மூடித் திருகைச் சூடு காட்டிக் கழற்றி, குழாயைக் கொக்கியால் இழுத்தபோது, உள்ளே இருந்தது எண்ணெய்க் கசடு என்று சொல்ல முடியாத அளவுக்கு இறுகிப்போன ஒரு கரிய மெழுகு. நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு மட்டுமே துவாரம் மிச்சமிருந்தது. முதியவர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். நாற்பது ஆண்டுகளில் யாரும் திறக்கவில்லை என்றார். அதற்கு முந்தைய வாரம்தான் அந்த எஞ்சினை மணிக்கு 70 மைலில் நெடுஞ்சாலையில் ஓட்டியிருந்தேன். இப்போது ஆயில் திரும்பி வரும் குழாயில் தனியாக ஒரு காகித ஃபில்டர் பொருத்தியிருக்கிறேன்; 1,500 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன். 650 போன்வில் வாங்கும் எவரும், விற்பவரிடம் ரசீது இல்லையென்றால், எஞ்சின் பிரிக்கும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அடுத்தது ஸ்பேனர். பார்வைக்குச் சிறிய விஷயம். ஆனால் பழைய வண்டிகள் பாழாவது பெரும்பாலும் இங்கேதான். 1969ஆம் ஆண்டு ட்ரையம்ஃபில் ஒரே வண்டிக்குள் பழைய பிரிட்டிஷ் மரைகளும் அமெரிக்காவுக்கு ஏற்ப அப்போது நுழைந்துகொண்டிருந்த புதிய அங்குல மரைகளும் கலந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் மரைகளுக்கான விட்வர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண், அதன் வாயின் அகலத்தைக் குறிப்பதில்லை. அது பிடிக்க வேண்டிய போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கிறது. கால் அங்குலம் என்று பொறித்த விட்வர்த் ஸ்பேனரின் வாய் ஏறத்தாழ 13.3 மி.மீ. இருக்கும். அந்த நட்டில் 13 மி.மீ. ஸ்பேனர் ஏறாது, 14 ஏறும், ஆனால் திருகும்போது நட்டின் மூலைகளைச் சீவிவிடும். அப்படிச் சீவப்பட்ட பதினேழு நட்டுகளை என் வண்டியிலிருந்து கழற்றியிருக்கிறேன். மரையிலும் இதே தொல்லைதான். ஏறக்குறையப் பொருந்துகிறதே என்று வேறு மரை போல்ட்டை முறுக்கி ஏற்றினால், அலுமினிய உடலின் மரை தின்னப்பட்டுவிடும். பிறகு அந்த இடத்தில் எண்ணெய் கசியும். பழி வண்டி மீது விழும். புதிய டி100க்கு மெட்ரிக் ஸ்பேனர்கள். ஆகவே ஷெட்டில் மூன்று தனித்தனிப் பெட்டிகள், மூன்று நிறங்களில் வைத்திருக்கிறேன். பழைய வண்டி வாங்கும் முன்பே நல்ல விட்வர்த் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். அதைவிடப் பயனுள்ள முதல் செலவு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மின்சாரத்தைப் பற்றி இதைவிட அதிகமாகப் புலம்புவார்கள். என் வண்டியும் ஒருநாள் என்னைப் புலம்ப வைத்தது. டெர்பிஷயரில் டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கும் மேட்லாக் பாத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நூற்றுக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் வரும். ஆற்றோரத் தெருவில் வரிசையாக நிறுத்திவிட்டு, மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கிச் சாப்பிட்டபடி வண்டிகளைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். 2017 செப்டம்பரில் அங்கிருந்து திரும்பும் வழியில், பொழுது சாயும் நேரத்தில், ஒவ்வொரு குழியிலும் எஞ்சின் ஒரு துடிப்பு விட்டு விட்டுப் பிடித்தது. அம்மீட்டர் முள் செத்ததுபோல் நடுவில் கிடந்து, குழியில் ஏறி இறங்கும்போது மட்டும் துள்ளியது. அந்தத் துள்ளல்தான் என்னைக் காப்பாற்றியது. பேட்டரி தீர்ந்திருந்தால் முள் துள்ளாது; எங்கோ ஒரு இணைப்பு ஆடுகிறது என்பது அதிலிருந்தே தெரிந்தது. சாலையோரப் புல்தரையில் நிறுத்தி இருக்கையைத் தூக்கினேன். சிவப்பு நிற வயர் இரண்டை யாரோ எப்போதோ வெறும் கையால் முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். டேப் இளகி, முறுக்கு தளர்ந்து, செம்பு பச்சை பூத்திருந்தது. பேனாக் கத்தியால் சுரண்டி மறுபடி முறுக்கியதும் வண்டி வீடு வந்து சேர்ந்தது.

அந்தச் சிவப்பு வயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அக்காலத்து ட்ரையம்ஃபில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் சட்டத்தோடு இணைக்கப்படும். அதாவது எர்த் பாசிட்டிவ். அதனால் சிவப்பு வயர் என்பது மின்சாரம் வரும் வயர் அல்ல, எர்த் வயர். இன்றைய வண்டிகளில் பழகிய கை, சிவப்பைக் கண்டதும் நேர்மாறாக நினைத்துவிடும். புது பேட்டரி போடும்போது முனைகளை மாற்றி இணைத்தால், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையர் நொடியில் போய்விடும். என் வண்டிக்கு அது ஏற்கெனவே ஒருமுறை நடந்திருந்தது என்பதை, ரெக்டிஃபையர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த வேறு பொருளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் குளிர்காலத்தில் முழு வயரிங்கையும் மாற்றினேன். எஞ்சின் தலை, சட்டம், பேட்டரி ஆகிய மூன்றையும் சேர்க்கும் தடித்த எர்த் வயர் ஒன்றைப் புதிதாக ஓட்டினேன். பேட்டரிப் பெட்டியின் உள்பக்கத்தில் "பாசிட்டிவ் எர்த்" என்று வெள்ளைப் பெயின்டில் எழுதிவைத்தேன். அன்று முதல் மின்சாரத்தால் வண்டி ஒருநாளும் நின்றதில்லை. 2019இல், தீப்பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்டுகளை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டேன். பழைய பாயிண்ட் தட்டைத் துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்குப் பேட்டரி நல்ல நிலையில் இருப்பது அவசியம். பேட்டரி தளர்ந்தால் தீப்பொறி தவறான நேரத்தில் விழுந்து, கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும்.

இனி என் அசட்டையைச் சொல்கிறேன். 2021 செப்டம்பரில் பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் எத்தனால் கலப்பு 10 சதவீதம் வரை உயர்ந்தது. இ10 என்று பம்பில் எழுதியிருக்கும். விலை கூடிய சூப்பர் ரகத்தில் அது 5 சதவீதத்துக்குள் இருக்கும். டி100க்கு இ10 எந்தக் கெடுதலும் செய்யாது. பழைய வண்டிக்கும் அதையே நிரப்பி, அந்த அக்டோபரில் போர்வை போட்டு மூடிவிட்டேன். மார்ச்சில் எடுத்தபோது கிளம்பியது, ஆனால் கைப்பிடியை விட்டதும் அணைந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் அமால் கார்புரேட்டரின் துத்தநாகக் கலப்பு உடலைத் தின்னும். ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் வெண்பச்சைப் பொருக்கு படிந்திருந்தது. மெல்லோட்டத்துக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் முழுதாக அடைபட்டிருந்தது. என் வண்டியின் அமாலில் அந்த ஜெட் உடலுக்குள் ஆழமாக அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கிறது, கழற்ற முடியாது. காற்றுத் திருகைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாகத்தான் உள்ளே எட்ட வேண்டும். ஜெட்டின் துவாரம் 0.016 அங்குலம். என் மகள் கிட்டார் கற்றுக்கொண்டிருந்தாள்; அவளுடைய மிச்சக் கம்பிகளில் சரியாக 0.016 அங்குலத் தடிமனில் ஒன்று இருந்தது. அதன் நுனியைச் சதுரமாக வெட்டி, மெல்ல உருட்டி உள்ளே தள்ளினேன். முதலில் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு மணல் நொறுங்குவது போன்ற ஒரு நடுக்கம் விரலுக்குத் தெரிந்தது. அதன் பின் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு கார்புரேட்டருக்கும் செய்தேன். அன்று முதல் அந்த வண்டிக்குச் சூப்பர் ரகம் மட்டுமே. மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் கிண்ணங்களின் பெட்ரோலை வடித்துவிடுகிறேன். டேங்கின் உள்ளே துருவுக்காகப் பூச்சு பூசிய வண்டி வாங்குவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழைய பூச்சுகளை எத்தனால் உரித்து, செதில் செதிலாகப் பெட்ரோல் குழாய்க்குள் அனுப்பிவிடும்.

கிளப்புவதற்கு ஒரு முறை உண்டு. அதை ஒருநாளும் சுருக்கக் கூடாது. பெட்ரோல் டேப்பைத் திறக்கிறேன். ஒவ்வொரு கார்புரேட்டரிலும் உள்ள சின்னப் பொத்தானை, பெட்ரோல் விரல் நுனியை நனைக்கும்வரை அழுத்துகிறேன். கிளட்சைப் பிடித்தபடி, சுவிட்ச் போடாமல், மூன்று முறை கிக்கரை மிதிக்கிறேன்; இரவெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்த கிளட்ச் தட்டுகள் பிரிந்து வழிவிடுவது காலுக்குத் தெரியும். பிறகுதான் சுவிட்ச். அப்பா 2016 கோடையில் இங்கே வந்திருந்தபோது, இந்த வரிசையைத் திண்ணையில் உட்கார்ந்து பரீட்சைக்கு மேற்பார்வை பார்ப்பவர்போலப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, "அவசரப்படாதே தம்பி. முள் எங்கே நிக்குதுன்னு பாரு, அப்புறம் உதை" என்றார். புல்லட்டில் அவர் கற்றுக்கொடுத்தது அதுதான்: சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடம்வரை மெல்ல மிதித்து, பிறகு ஒரே உதை. போன்வில்லில் இரண்டு சிலிண்டர்களுக்கு இரண்டு ஜோடி பாயிண்டுகள் இருந்ததால் முள் அவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. டிகம்ப்ரஷன் லிவரும் இல்லை. ஆனால் அவர் சொன்னதன் சாரம் பொருந்தியது. கால் அழுத்தத்தைச் சந்திக்கும் இடத்தைத் தேடி, அதைச் சற்றே தாண்டி, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் எடையை முழுதாக இறக்க வேண்டும். பாதி மனதோடு மிதிப்பவனைத்தான் கிக்கர் திருப்பி அடிக்கும். அன்று அவர் இரண்டாவது உதையில் கிளப்பினார். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று.

கிளம்பியதும் ஆயில் டேங்கின் மூடியைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். எஞ்சினைச் சுற்றி வந்த ஆயில், ஒரு சிறு குழாய் வழியாகக் குமிழிகளோடு விட்டு விட்டுப் பீச்சும். அது தெரிந்தால் ஆயில் பம்ப் வேலை செய்கிறது. தெரியாவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். வண்டி பல வாரம் நின்றிருந்தால், டேங்கின் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து எஞ்சினின் அடியில் தேங்கியிருக்கும். அப்போது டேங்கில் ஆயில் குறைந்ததுபோல் தோன்றும். நம்பி மேலே ஊற்றிவிடக் கூடாது.

ஓட்டும்போது அந்த எஞ்சினுக்குப் பிடித்த வேகம் மணிக்கு 50 முதல் 60 மைல். வார்விக்‌ஷயரில் ரோமானியர் போட்ட ஃபாஸ் வே சாலை, குன்றுகளின் மேல் அம்புபோல் நேராக ஏறி இறங்கும். அங்கே மூன்றாவது கியரில் மேடேறும்போது இரண்டு சைலன்சர்களிலிருந்தும் வரும் அந்தச் சீரான துடிப்புக்காகவே நான் இந்த வண்டியை வைத்திருக்கிறேன். இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதால் அந்தச் சீர்மை. அதே காரணத்தால் 65 மைலுக்கு மேல் கைப்பிடியிலும் கால் மிதியிலும் அதிர்வு ஏறும். அதிர்வு நட்டுகளைத் தளர்த்தும். வால்வுகளுக்கு மேலிருக்கும் டேப்பெட் மூடிகள், சைலன்சர் பிடிகள், நம்பர் பிளேட் போல்ட்டுகள் ஆகியவற்றை மாதம் ஒருமுறை கைபோட்டுப் பார்க்கிறேன். டேப்பெட் இடைவெளியை எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும்: உள்வால்வுக்கு 0.002 அங்குலம், வெளிவால்வுக்கு 0.004. 2000ஆம் ஆண்டு முதல் செய்த டயர்களின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பழைய வண்டிகளில் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகி இறுகிவிடுகிறது. என் வண்டியோடு வந்த டயர்கள் பார்க்கப் புதிதாக இருந்தன, வயது பத்துக்கு மேல்.

இரண்டு வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு ஆபத்தைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். பழைய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில், புதியதில் நேர்மாறு. குளிர்காலம் முழுவதும் டி100 ஓட்டிவிட்டு, 2021 ஏப்ரலில் ஒரு காலை டி120ஐ எடுத்தேன். முதல் ரவுண்டானாவில் ஒரு வேன் எதிர்பாராமல் குறுக்கே வந்தது. பின் பிரேக்கைத் தேடிய வலது கால் கியர் பெடலை மிதித்தது. முன் பிரேக் பிடித்ததால் தப்பினேன். ஒரு கை அகலம்தான் இடைவெளி. சிறு வயதில் புல்லட் ஓட்டியவன், கால் மறக்காது என்று எண்ணியிருந்தேன். சாதாரணமாக ஓட்டும்போது மறப்பதில்லை. பதறும்போது கால் தன் சமீபத்திய பழக்கத்துக்குத்தான் போகும். அதன் பிறகு எனக்கு நானே போட்டுக்கொண்ட விதிகள் இரண்டு. ஒரே நாளில் இரண்டு வண்டிகளையும் ஓட்டுவதில்லை. வண்டி மாற்றிய முதல் நாள், காலியான கார் நிறுத்தத்தில் இருபது நிமிடம், வேகத்திலிருந்து திடீரென நிறுத்திப் பழகாமல் சாலைக்குப் போவதில்லை.

டி100 பற்றிச் சொல்ல இவ்வளவு இல்லை; அதுதான் அதன் சிறப்பு. பொத்தானை அழுத்தினால் கிளம்புகிறது. 900 சி.சி., ஏபிஎஸ், சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு, தண்ணீரில் குளிரும் எஞ்சின். பெட்ரோலைத் தெளிக்கும் கருவிகளுக்குப் பழைய அமால் கார்புரேட்டரின் உருவத்தையே உறையாகப் போட்டிருக்கிறார்கள். பிஸ்டன்கள் ஒன்றாக ஏறாதபடி கிராங்க்கை 270 பாகையில் அமைத்திருப்பதால் அதிர்வு குறைவு; ஒலியும் குதிரைப் பாய்ச்சல்போல் தாவித் தாவி வரும். சர்வீஸ் 10,000 மைலுக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை. டி120ஐவிட ஏறத்தாழ 50 கிலோ எடை கூடுதல். ஓடும்போது தெரியாது, ஷெட்டுக்குள் தள்ளும்போது முதுகுக்குத் தெரியும்.

ஒன்றும் செய்ய வேண்டாம் என்று தோன்றுவதுதான் இதில் உள்ள பொறி. இங்கே குளிர்காலத்தில் சாலைகளில் பனி உறையாதிருக்க உப்பு தூவுவார்கள். முதல் குளிர்காலத்தில் வாரக் கணக்கில் கழுவாமல் விட்டேன். மார்ச்சில் ஆரக்கம்பிகளின் முனைகளிலும் சைலன்சர் வளைவுகளிலும் பழுப்புப் புள்ளிகள் பூத்திருந்தன. இப்போது உப்புச் சாலையில் போய்வந்த அன்றே குளிர்ந்த தண்ணீரால் கழுவி, உலர்த்தி, துருத்தடுப்பு எண்ணெய் தெளிக்கிறேன். வெந்நீர் உப்பின் வேலையைத் துரிதப்படுத்தும். இன்னொன்று, ஆரக்கம்பிச் சக்கரம் என்பதால் டயருக்குள் டியூப் இருக்கிறது. ஜனவரி மழையில் ஏ5 சாலையில் பின் டயரில் ஆணி ஏறியபோது, டியூப் இல்லாத டயர்களுக்குச் செருகும் ரப்பர் திரி எந்தப் பயனும் தரவில்லை. நடு ஸ்டாண்டும் இல்லை. மீட்பு வண்டி வர மூன்று மணி நேரம் ஆனது. திருச்சியில் எந்தச் சாலையோரப் பஞ்சர் கடையிலும் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை அது. ஸ்போக் சக்கர நவீன வண்டி வாங்குபவர்கள் மீட்புச் சேவையையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

நாட்டின் சட்டதிட்டத்தைப் பொறுத்தவரை, நாற்பது ஆண்டு கடந்த வண்டிக்கு இங்கே சாலை வரி இல்லை. ஆனால் ஆண்டுதோறும் பூஜ்யத் தொகைக்கு விண்ணப்பித்தே ஆக வேண்டும். பெரிய மாற்றங்கள் செய்யாத வண்டிக்குத் தகுதிச் சோதனையிலிருந்தும் 2018 முதல் விலக்கு உண்டு. நான் அந்த விலக்கைப் பயன்படுத்துவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வேறொருவரின் கண் என் பிரேக்கையும் சக்கரத்தையும் பார்ப்பதற்கு அந்தச் சிறு கட்டணம் தகும்.

மெரிடன் ஆலை இன்று இல்லை. 1973இல் மூடுவதாக அறிவித்தபோது தொழிலாளர்கள் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். 1975இல் அவர்களே கூட்டுறவாக எடுத்து நடத்தி, 1983வரை போன்வில் செய்தார்கள். இப்போது அங்கே வீடுகள். தெருக்களில் ஒன்றின் பெயர் போன்வில் குளோஸ். எஞ்சினைப் பிரிக்க உதவிய முதியவருடன் ஒருமுறை அங்கே போனேன். தான் நின்று வேலை செய்த இடம் எந்த வீட்டின் தோட்டம் என்று கைகாட்டினார். திரும்பும்போது, வண்டிகளைச் செய்தவர்கள் ஒவ்வொன்றிலும் என்ன செய்தார்கள் என்பதற்குப் பதிவேடு இருக்கிறது, அதன் பிறகு தொட்டவர்கள்தான் எதையும் எழுதி வைக்கவில்லை என்றார்.

அன்று மாலையே ஒரு நீளநோட்டு வாங்கினேன். எந்த போல்ட்டுக்கு எந்த மரை, எந்த வயர் எங்கே போகிறது, எப்போது எதைக் கழற்றினேன், எந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வண்டி ஒருநாள் கைமாறும்போது அதுவும் சாவியோடு போகும். போன வாரம் எழுதிய வரி இது: "பிரைமரி மூடியின் பின்கீழ் மூலையில் ஆயில் ஈரம். கேஸ்கெட் சரியாக இருக்கிறது. மேலிருந்து மூன்றாவது திருகின் மரை தளர்வு. முறுக்க வேண்டாம், புது மரை போட வேண்டும்."